சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு மலைநாள்: சுமையேற்றிய சைக்கிளில் முதன்முறை போகிறவர்களுக்கு

ஏரிக்கரைச் சாலை என்றதும் அது சமதரையாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஏரியின் ஓரமாகச் செல்லும் மார்ட்டின் குட்மன் பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் உறுதியாக இருக்கும். சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரை அதை ஒரே முற்பகலில் கலைத்துவிடும். 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கும் இந்த ஏரிக்குள் இலங்கைத்தீவு முழுவதையும் வைத்தாலும் இடம் மிஞ்சும். அதன் கிழக்கு, வடக்குக் கரைகளில் கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறைநிலம் நீரின் விளிம்பிலேயே சுவர்போல் எழுகிறது. உள்நாட்டிலிருந்து வரும் ஆறுகள் அந்தப் பாறையை வெட்டிக்கொண்டு ஏரியில் விழுகின்றன. பல இடங்களில் நீரோரமாகச் சாலை போட இடமே இல்லாததால், சாலை ஒவ்வோர் ஆற்றின் வாய்க்கும் இறங்கிப் பாலத்தைக் கடந்து மறுபடியும் மேட்டுக்கு ஏறுகிறது. அகாவா ஆற்றுக்கும் மாரத்தன் என்னும் ஊருக்கும் இடையிலான நெடுஞ்சாலைத் துண்டு 1960ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் திறக்கப்பட்டது என்பதிலிருந்தே இந்த நிலத்தின் முரட்டுத்தனத்தை ஊகிக்கலாம்.

ஏரியைச் சுற்றிவரும் பயணம் 2,000 கிலோமீற்றரைத் தாண்டும். இந்தக் கட்டுரை அதில் ஒரே ஒரு நாளைப் பற்றியது: சூ செயின்ட் மேரி நகருக்கு வடக்கே, நெடுஞ்சாலை 17இல், பான்கேக் விரிகுடாவிலிருந்து மொன்றியல் ஆற்று ஏற்றத்தைக் கடந்து அகாவா விரிகுடாவை அடையும் நாள். தூரம் 60 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். சமதரையில் முற்பகலுக்குள் முடிந்துவிடக்கூடிய இந்தத் தூரத்துக்கு இங்கே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கீழே வரும் அறிவுரைகளின் சாரம் இதுதான்: அந்த நாளை எப்படிக் கடப்பீர்கள் என்பதில் பெரும்பகுதி வீட்டில் வைத்தே முடிவாகிவிடுகிறது, சாலையில் உங்கள் கையில் எஞ்சியிருப்பது அவசரப்படாமல் இருப்பது மட்டுமே.

வீட்டிலேயே முடிக்க வேண்டியது: கியரும் சுமையும்

புதியவர்கள் பெரும்பாலும் ரயர், இருக்கை, ஆடை ஆகியவற்றைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். ஆகச் சிறிய கியர் எது என்று கேட்பவர்கள் குறைவு. மலைநாளில் அந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

கணக்கு கடினமானதல்ல. பெடலோடு சுற்றும் ஆகச் சிறிய முன் பற்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பின்சில்லில் உள்ள ஆகப் பெரிய பற்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். முன் எண்ணைப் பின் எண்ணால் வகுத்து, சில்லின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒருமுறை முழுதாகச் சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது தெரியும். பயணச் சைக்கிள்களின் சில்லுச் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீற்றர். முன்னால் 34 பற்களும் பின்னால் 28 பற்களும் இருந்தால், ஒரு சுற்றுக்கு 2.6 மீற்றர். முன்னால் 26, பின்னால் 34 என்றால் 1.64 மீற்றர். நிமிடத்துக்கு 60 முறை பெடலைச் சுற்றினால், முதலாவது சைக்கிள் மணிக்கு ஒன்பதரைக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். இரண்டாவது ஆறு கிலோமீற்றர் வேகத்தில் போகும்.

மெதுவாகப் போகும் சைக்கிளை எதற்காகத் தேட வேண்டும்? 75 கிலோ எடையுள்ள ஒருவர், 15 கிலோ சைக்கிள், 20 கிலோ பொதி, ஆகமொத்தம் 110 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 விழுக்காடு சாய்வில், அதாவது 100 மீற்றர் முன்னே போக 7 மீற்றர் மேலே ஏறும் சாலையில், மணிக்கு ஒன்பதரைக் கிலோமீற்றர் வேகத்தைக் காப்பதற்கு உங்கள் கால்கள் 200 வாட்டுக்கு மேல் ஆற்றலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஆறு கிலோமீற்றர் வேகத்துக்கு 135 வாட் அளவு போதும். வார இறுதியில் மட்டும் சைக்கிள் ஓட்டும் ஒருவரால் இரண்டாவதை அரை மணித்தியாலம் தாங்க முடியும். முதலாவதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவது கடினம். பெரிய கியரிலேயே மெதுவாகப் போகலாமே என்றால், பெடல் நிமிடத்துக்கு 40 முறைக்கும் குறைவாகச் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை நசுக்கும். அன்றைக்கு ஏறிவிடலாம். அதற்கு மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் அதே முழங்கால்களோடுதான் போக வேண்டும்.

ஆகவே உங்கள் ஆகச் சிறிய கியரில் முன் எண் பின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கட்டும். வகுத்தால் வரும் விடை 0.8ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. இல்லையென்றால் கடைக்காரரிடம் பின்பற்சக்கரத் தொகுதியை மாற்றித்தரச் சொல்லுங்கள். கியர்மாற்றியும் அந்தப் பெரிய பற்சக்கரத்துக்கு ஏற்றதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். விலையுயர்ந்த இலேசான சட்டகத்துக்குச் செலவழிப்பதைவிட இந்த மாற்றத்துக்குச் செலவழிக்கும் பணம் பலமடங்கு பயன் தரும் என்பது என் கருத்து.

மாற்றியபின் பொதி முழுவதையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு மேட்டில் அந்த ஆகச் சிறிய கியரைப் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் போனவன் நான். என் முதற்பயணத்தில், மொன்றியல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய சில நிமிடங்களில், அதுவரை தேவைப்படாத அந்தக் கடைசிக் கியரை முதன்முறையாகப் போட்டேன். செயின் பெரிய பற்சக்கரத்தையும் தாண்டி, சில்லுக் கம்பிகளுக்குள் விழுந்து இறுகிக்கொண்டது. செயின் அந்தப் பக்கம் போகாமல் தடுக்கும் சிறு திருகாணியைக் கால்சுற்று இறுக்கியிருந்தால் போதும். வீட்டில் இரண்டு நிமிட வேலை; அங்கே, பாறைக்கும் லொறிகளுக்கும் நடுவில், கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு முக்கால் மணித்தியாலம்.

சுமையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன 110 கிலோவில் 5 கிலோவைக் குறைத்தால், ஏறும்போது தேவைப்படும் ஆற்றலும் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது 4 அல்லது 5 விழுக்காடு குறையும். எதை விடுவது என்பது அவரவர் விருப்பம். இரண்டாவது காற்சட்டை, தகரத்தில் அடைத்த உணவு, கனமான பூட்டு ஆகியவற்றை நான் விடுவேன். மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, காற்றடிக்கும் பம்ப், இரண்டு ரியூப்கள், செயின் அறுந்தால் இணைக்கும் கண்ணி, தண்ணீர் வடிகட்டி ஆகியவற்றை விடமாட்டேன். பொதியின் கனமான பகுதியைப் பக்கப்பைகளின் அடியில், சில்லின் நடுவுக்கு நெருக்கமாக வையுங்கள். எல்லாவற்றையும் பின்னாலேயே ஏற்றினால், செங்குத்தான இடத்தில் முன்சில்லு இலேசாகி அலையும். மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் நேர்கோட்டில் போக முடியாவிட்டால், லொறிகள் ஓடும் சாலையில் அது ஆபத்து.

எப்போது, எந்தத் திசையில்

மே மாத நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை கருநிற ஈக்கள் கடிக்கும் காலம். ஏற்றத்தில் மெதுவாகப் போகும் சைக்கிள்காரரை அவை சுலபமாகப் பிடித்துவிடும். ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்டும் நல்ல மாதங்கள். செப்டெம்பர் அழகானது, ஆனால் அம்மாத முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகு சாலையோரக் கடைகள் சில மூடிவிடும், இரவும் குளிரும்.

தெற்கிலிருந்து வடக்கே போனால் ஏரி இடப்பக்கம் இருக்கும். கனடாவில் வலப்பக்கமாக ஓட்டுவதால், ஏரியைப் பார்க்க நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். எதிர்த்திசையில் வந்தால் ஏரி கைக்கெட்டும் பக்கத்தில் இருப்பதோடு, மொன்றியல் ஆற்று ஏற்றம் இறக்கமாகவும் மாறிவிடும். இருந்தாலும் முதன்முறை போகிறவருக்கு வடக்கு நோக்கிய பயணத்தையே பரிந்துரைக்கிறேன். சுமையேற்றிய சைக்கிளோடு பழக்கமில்லாத ஒருவர், நீளமான செங்குத்தில் லொறிகள் பின்தொடர வேகமாக இறங்குவதைவிட, அதே இடத்தில் மெதுவாக ஏறுவது பாதுகாப்பானது. மேலும், சூ செயின்ட் மேரியிலிருந்து பான்கேக் விரிகுடாவரை உள்ள 80 கிலோமீற்றர் அளவான முதல்நாள் வழி, சைக்கிளும் உடலும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க நல்ல வாய்ப்பு. ஏதாவது பிழைத்தால் பெரிய நகரம் ஒரு நாள் தூரத்திலேயே இருக்கிறது.

பான்கேக் விரிகுடா, அகாவா விரிகுடா இரண்டிலும் மாகாணப் பூங்காக்களின் முகாமிடங்கள் உள்ளன. ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே இவற்றைப் பதிவு செய்யலாம். ஆகஸ்ட் வார இறுதிகளில் பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

முதல்நாள் மாலை

பான்கேக் விரிகுடாவில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளமான மணற்கரை உண்டு. உரோம வணிகத்துக்காகப் படகில் திரும்பியவர்கள், ஊர் ஒரு நாள் தூரத்தில் இருந்தபடியால் மிஞ்சிய மாவையெல்லாம் இங்கே அப்பமாகச் சுட்டுத் தின்றார்கள் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். பூங்காவிலுள்ள நடைபாதை வழியே மேட்டுக்கு ஏறினால், 1975 நவம்பர் 10ஆம் திகதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் சரக்குக் கப்பல் 29 பேருடன் மூழ்கிய நீர்ப்பரப்பின் திசையைப் பார்க்கலாம். போகத்தான் ஆசை வரும். ஆனால் அது நீண்ட நடை. மறுநாளுக்குத் தேவையான கால்களை அங்கே செலவழிக்க வேண்டாம். வேறொரு முறை காரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மாலை செய்ய வேண்டியவை குறைவு. செயினைத் துடைத்துச் சிறிது எண்ணெய் விடுங்கள். பக்கப்பைகளின் தாங்கியைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் முதலில் கழல்பவை அவைதான். தண்ணீரை இரவே நிரப்பிவிடுங்கள். வரைபடத்தை இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி தொலைபேசியில் இறக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இனி வரும் வழியில் நீண்ட தூரங்களுக்குக் கைத்தொலைபேசி வேலை செய்யாது. நாளை மாலை எந்த முகாமில் இருப்பீர்கள், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அகாவாவிலும் தொடர்பு கிடைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அம்மா அன்றிரவே பொலிசாரை அழைத்துவிடுவார்.

காலையும் உணவும்

ஆகஸ்ட் நடுப்பகுதியில் இங்கே ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். ஏழரைக்குள் புறப்பட்டுவிடுவது நல்லது. ஆனால் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து சாலையை மறைத்திருந்தால், அது கலையும்வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். மங்கலான வெளிச்சத்தில் பின்னால் வரும் லொறிச் சாரதியின் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள். ஒன்ராறியோச் சட்டம் இருட்டில்தான் விளக்கைக் கேட்கிறது என்றாலும், இந்தச் சாலையில் பட்டப்பகலிலும் பின்பக்கச் சிவப்பு விளக்கை எரியவிடுங்கள்.

கடையை நம்பித் திட்டமிடாதீர்கள். வழியில் ஓரிரு இடங்களில் ஏதாவது கிடைக்கக்கூடும்; அன்றைக்கு அது திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வயிற்றைக் காயவிட முடியாது. ஒரு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை என்று வைத்து, அதற்கேற்ப உணவைக் கையெட்டும் பையில் வையுங்கள். பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். பெரிய வாழைப்பழத்தில் 30 கிராம்வரை இருக்கும். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பசைகளை நானும் முயன்று பார்த்தேன். நாலாவது பொதியில் வாய் கசந்துவிட்டது. அதன் பிறகு ஸ்காபரோத் தமிழ்க்கடைகளில் கிடைக்கும் எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும்தான். அவை வெயிலில் உருகுவதில்லை, குலுக்கலில் பெரிதாக உடைவதில்லை, இனிப்பும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மதியத்துக்குப் பாணும் கச்சான் வெண்ணெயும் போதும்.

தண்ணீர் மூன்று லீற்றராவது கையில் இருக்க வேண்டும். ஒரு போத்தலில் தேசிக்காய்ச் சாறு, சீனி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்கி வையுங்கள். வழியில் ஓடைகளும் ஏரியும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்கக் கூடாது. நீர்நாய்களும் பிற விலங்குகளும் வாழும் நீரில் வயிற்றோட்டத்தைத் தரும் கிருமிகள் இருக்கும். அந்த நோய் பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் விடாது.

பசித்த பிறகு தின்பதும் தாகமெடுத்த பிறகு குடிப்பதும் சமதரைக்குச் சரி. இங்கே கடிகாரத்தைப் பார்த்துத் தின்னுங்கள்: அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு வாய். ஏற்றத்தின் நடுவில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. அதனால் அடிவாரத்துக்கு வருவதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன்பே தின்றுவிட வேண்டும்.

மொன்றியல் ஆறு வரை: லொறிகளோடு சாலையைப் பகிர்தல்

முதல் ஒரு மணித்தியாலத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். விரிகுடாக்களுக்கு இறங்கியும் மேட்டுக்கு ஏறியும் சாலை போகும். சிறு இறக்கத்தில் கிடைத்த வேகத்தை அடுத்த ஏற்றத்தில் வீணாக்காமல் பயன்படுத்துவது சரி, அந்த வேகத்தை மேடுவரை காக்க வேண்டும் என்று எழுந்துநின்று மிதிப்பது தவறு. ஒரு முழு வசனத்தை இடைவெளி இல்லாமல் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், நீங்கள் பிற்பகலுக்கு உரியதை முற்பகலிலேயே செலவழிக்கிறீர்கள். அலோனா விரிகுடாவை மேலிருந்து பார்க்கும் இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். காட்சிக்காகவும் நிற்கலாம், பேரீச்சம்பழத்துக்காகவும் நிற்கலாம்.

நெடுஞ்சாலை 17 கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதை. பெரும்பகுதி இருவழிச் சாலை. வேக எல்லை மணிக்கு 90 கிலோமீற்றர். சாலையின் ஓரம் சில இடங்களில் தார் போடப்பட்டிருக்கும், வேறிடங்களில் வெறும் சரளையாக இருக்கும். முடிந்த இடங்களில் சைக்கிளைக் கடக்கும் வாகனம் ஒரு மீற்றராவது இடைவெளி விட வேண்டும் என்பது 2015 முதல் இந்த மாகாணத்தில் சட்டம். சாரதிகளுள் அனேகர் இதைவிட அதிகமாகவே விலகிப் போகிறார்கள் என்பது என் அனுபவம். சிக்கல் வருவது, முன்னாலிருந்து ஒரு லொறியும் பின்னாலிருந்து ஒரு லொறியும் உங்கள் அருகிலேயே சந்திக்கும்போது. அப்போது பின்னால் வருபவருக்கு விலகவும் இடமில்லை, சுமையோடு வரும் அவ்வளவு பெரிய வண்டியைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது.

இதற்காகத்தான் கண்ணாடி. ஹாண்டிலிலோ தலைக்கவசத்திலோ பொருத்தும் சிறு கண்ணாடி இல்லாமல் இந்தச் சாலைக்கு வராதீர்கள். பின்னால் லொறி தெரிகிறது, முன்னாலும் ஒன்று வருகிறது, ஓரத்தில் தார் இல்லை என்றால், உரிமையைப் பற்றி யோசிக்காமல் சரளைக்கு இறங்கிவிடுங்கள். இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் வேகத்தைக் குறைத்து, ஹாண்டிலைத் திருப்பாமல் உடலின் சாய்வால் மெல்ல விலகி, சரளையில் முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கால் நில்லுங்கள். திரும்பி ஏறும்போது தாரின் விளிம்பை உரசிக்கொண்டு ஏற முயலக் கூடாது. விளிம்பு உயரமாக இருந்தால் ரயர் வழுக்கிச் சாலைக்குள்ளேயே விழுத்திவிடும். நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்துப் புறப்படுங்கள். 35 மில்லிமீற்றருக்கு மேல் அகலமான ரயர் இருந்தால் இதெல்லாம் பழகிவிடும். மெல்லிய ரயரில் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும்.

ஏற்றம்

மொன்றியல் ஆற்றின் வாயிலுள்ள சிறு குடியிருப்பையும் பாலத்தையும் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர்.

இந்த மேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. புற்றுநோயால் வலக்காலை இழந்த ரெரி ஃபொக்ஸ் 1980ஆம் ஆண்டு செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடியபோது, வழியெங்கும் மக்கள் இந்த ஏற்றத்தைப் பற்றியே அவரை எச்சரித்தார்கள். அவரோ, மொன்றியல் ஆறே, இதோ வருகிறேன் என்று எழுதிய சட்டையை அணிந்துகொண்டு ஆகஸ்ட் மாதத்தில் இதை ஓடிக் கடந்தார். சில வாரங்களில், செப்டெம்பர் முதலாம் திகதி, 5,373 கிலோமீற்றர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. நான் அந்த மேட்டில் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்திருக்கிறேன். அதனால் சாய்வு குறைந்துவிடவில்லை. முறைப்பாடு சொல்ல வாய்தான் வரவில்லை.

அடிவாரத்தில் நின்று மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். ஏறும்போது உடல் கொதிக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மேட்டுக்குப் போனால் அங்கே காற்று நடுக்கும். சாய்வு கடுமையாவதற்கு முன்பே, பெடலில் அழுத்தம் குறைவாக இருக்கும்போதே, கியரைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் செயின் அறுவதற்கும் இடமுண்டு. இருக்கையில் சற்றுப் பின்னுக்கு உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, ஹாண்டிலை இலேசாகப் பிடியுங்கள். பெடலை நிமிடத்துக்கு 60 அளவில் சுற்றவிடுங்கள். முன்சில்லுக்கு நேர் முன்னே பார்க்காமல் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளிப் பார்த்தால் சைக்கிள் நேராகப் போகும். மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் மூன்று கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலம் ஆகும். அந்த அரை மணித்தியாலம் ஆகத்தான் செய்யும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஏற்றம் பாதி குறைந்துவிடுகிறது.

இடையில் நிற்பது குற்றமில்லை. நிற்கும் இடத்தைத் தெரிவதில்தான் கவனம் வேண்டும்: வளைவுக்கு அப்பால், பின்னால் வருபவர்களுக்கு நீங்கள் நெடுந்தூரம் தெரியும் இடமாக, தாரைவிட்டு முழுதாக விலகி நில்லுங்கள். சுமையோடு சாய்வில் மறுபடி புறப்படுவதற்குப் பழக்கம் தேவை. பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை மேலே சற்று முன்பக்கமாக வைத்து, கண்ணாடியில் பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தபின், பிரேக்கை விட்டு ஒரே மூச்சில் மிதியுங்கள். மற்றக் கால் பெடலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டு சுற்று வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும். இதையும் வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் பழகிக்கொள்ளலாம்.

தள்ளிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தள்ளலாம்; நானும் தள்ளியிருக்கிறேன். ஆனால் அது ஓய்வு என்று நினைக்காதீர்கள். 35 கிலோ சைக்கிளைச் சரளையில் சாய்ந்தபடி தள்ளும்போது இடுப்பும் மணிக்கட்டும் வலிக்கும், அடியில் உலோகம் பொருத்திய சைக்கிள் சப்பாத்து வழுக்கும். கியர் சரியாக இருந்தால் நடப்பதைவிட ஓட்டுவதே இலகு. தலைசுற்றல், குளிர்நடுக்கம், வியர்வை திடீரென நின்றுபோதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது வேறு விடயம்: நிழலில் உட்கார்ந்து, தின்று, குடித்து, உடல் தெளிந்த பிறகே நகருங்கள். தெளியாவிட்டால் கையைக் காட்டி ஒரு வாகனத்தை நிறுத்துங்கள்.

மேட்டிலிருந்து அகாவா வரை

மேட்டை அடைந்ததும் பலர் செய்யும் தவறு, நேரே கீழே பாய்ந்துவிடுவது. முதலில் நின்று காற்றுத்தடுப்புச் சட்டையை அணியுங்கள். இந்த ஏரி கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். மேட்டில் வெயில் சுடும்போது கீழே விரிகுடாவில் மார்கழிக் காற்றுபோல் வீசும். பக்கப்பைகளின் கொக்கிகள் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா, பட்டி ஏதாவது தொங்கிச் சில்லில் சிக்குமா என்று பாருங்கள். இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள்.

மேட்டுக்குப் பிறகும் சாலை ஏறி இறங்கியே போகும். 1944இல் உருவாக்கப்பட்ட சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் எல்லைக்குள் நுழைந்த பிறகு, அகாவா விரிகுடாவின் நீல விரிப்பு கண்முன் திறக்க, சாலை ஏரிமட்டத்துக்கு இறங்கும். 110 கிலோ சுமையை நிறுத்த, வெறும் சைக்கிளை நிறுத்துவதைவிட அதிகத் தூரம் வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும். றிம்மைப் பிடிக்கும் வகைப் பிரேக்கில் அந்தச் சூடு ரியூப்பையே வெடிக்க வைக்கலாம். எனவே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துச் சில விநாடிகள் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைப்பதும், பிறகு விட்டு ஆறவிடுவதுமாக மாறி மாறிச் செய்யுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். மணிக்கு 45 கிலோமீற்றர் என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட எல்லை. புதியவர்கள் 35இலேயே நிற்கலாம். வேகத்தில் ஹாண்டில் நடுங்கத் தொடங்கினால் பயந்து இறுக்கிப் பிடிக்காதீர்கள். சட்டகத்தை முழங்கால்களால் அணைத்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தினால் நடுக்கம் அடங்கும்.

மூஸ் என்னும் மிகப் பெரிய மான்கள் சாலையில் நிற்கக்கூடும், குறிப்பாக அந்தி நேரத்தில். அவற்றைச் சுற்றிப் போக முயலாமல், தூரத்தில் நின்று வழிவிடுங்கள்.

அகாவாவில்

முகாம் நெடுஞ்சாலைக்கும் மணற்கரைக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது; இரவில் ஒரு காதில் அலையும் மறுகாதில் லொறியும் கேட்கும். முடிந்தால் கரையோர இடத்தைப் பதிவு செய்யுங்கள்.

வந்ததும் உட்கார்ந்துவிடாமல் கூடாரத்தை முதலில் அடியுங்கள், ஈரத்தை மாற்றுங்கள், அரை மணித்தியாலத்துக்குள் சோறோ நூடில்சோ வயிற்றுக்குள் போகட்டும். ஏரியில் முழங்கால்வரை இறங்கிப் பத்து நிமிடம் நின்றால் கால்வலிக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் நிற்க அந்தத் தண்ணீரும் விடாது. இது கரடிகள் வாழும் காடு. உணவு, சமைத்த பாத்திரம், பற்பசை, சவர்க்காரம் எல்லாவற்றையும் எங்கே பாதுகாப்பாக வைக்கலாம் என்று பூங்கா அலுவலகத்தில் வந்தவுடனேயே கேளுங்கள். காரில் வந்தவர்கள் காருக்குள் பூட்டிவிடுவார்கள்; சைக்கிள்காரருக்கு அந்த வசதி இல்லை. கூடாரத்துக்குள் ஓர் எள்ளுருண்டைகூட இருக்கக் கூடாது. சட்டைப்பையையும் பாருங்கள்.

சற்று வடக்கே, நீரோரப் பாறைமுகத்தில், ஒஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய பழைய ஓவியங்கள் உள்ளன. கொம்புகளும் முதுகில் முட்களும் கொண்ட நீர்வாழ் ஆவியான மிசிபெசு அவற்றுள் ஒன்று. ஓவியங்களைப் பார்க்க வழுக்கும் பாறை விளிம்பில் ஏரியை ஒட்டி நடக்க வேண்டும் என்பதால், அலை அடங்கிய வேளையில் மட்டுமே போகலாம். இன்று மாலை களைத்த கால்களோடு முயலாமல், நாளைக் காலை புறப்படும் வழியில் ஏரியைப் பார்த்து முடிவெடுங்கள்.

இருட்டுவதற்குள் ஒரு வேலை மிச்சம். சைக்கிளைத் தலைகீழாக்கி பிரேக் கட்டைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வடக்கே வாவா என்னும் ஊர்வரை இன்னும் 90 கிலோமீற்றர் அளவு இருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே இன்றுபோல் இன்னும் பல ஏற்ற இறக்கங்கள் காத்திருக்கின்றன. கட்டை மெலிந்திருந்தால் கைவிளக்கு வெளிச்சம் தேவைப்படாத இப்போதே மாற்றிவிடுங்கள்.